பழுது யாருடையது, பணம் யாருடையது?

(கீழவைப்பாரில் மீனவர்களும் உப்பளத் தொழிலாளர்களும் விவசாயக் கூலிகளும் கூடியிருந்த கூட்டத்தில் பேசிய பேச்சு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்டிருப்பது ஒரு சின்னப் பொருளைப் பற்றி. உங்கள் சட்டைப் பையிலும் மடியிலும் இருக்கிற செல்போனைப் பற்றி. வள்ளத்தில் நனையாமல் பாலிதீன் பையில் சுற்றி வைத்திருக்கிற ஜி.பி.எஸ். பெட்டியைப் பற்றி. கூலியைப் பற்றிப் பேச வேண்டிய மேடையில் செல்போனைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். கூலியைப் பற்றித்தான் பேசப் போகிறேன். உள்ளே வந்த கூலி எந்த ஓட்டை வழியாக வெளியே போகிறது என்பதும் கூலிப் பிரச்னைதானே?

முதலில் ஒரு கணக்குப் போடுவோம். போன் விலை ரூ.12,000. நாள் கூலி ரூ.500 என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 நாள் உழைப்பு ஆகிறது. ஆனால் அந்த 24 நாளும் சாப்பிடாமல் இருந்தவன் யார்? செலவு போக நாளைக்கு 50 ரூபாய் மிச்சம் பிடிக்கிற கெட்டிக்காரன் வீட்டில்கூட, 240 வேலை நாள் கழித்துத்தான் அந்தப் பணம் சேரும். வருஷத்தில் 240 நாள் வேலை நம்மில் எத்தனை பேருக்குக் கிடைக்கிறது? அதனால் தவணையில் வாங்குகிறோம். வாரண்டி ஒரு வருஷம். பதினான்காம் மாசம் போன் செத்துப்போகிறது. சில பேருக்குப் போன் செத்த பிறகும் தவணை உயிரோடு இருக்கிறது!

இந்தக் கரையில் ஒரு தம்பி, பெயர் வேண்டாம். ராத்திரி போன் தானாக ஏதோ அப்டேட் கேட்டது. சரி என்று அழுத்திவிட்டுப் படுத்தான். காலையில் போன் எழுந்திருக்கவில்லை. தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினான். அன்றைய கடல் போயிற்று. அங்கே போனைத் திறந்து பார்த்த பையன் சொன்னான்: "அண்ணே, போர்டு போயிட்டு. ஏழாயிரம் ஆகும். வாரண்டி முடிஞ்சிட்டு." முடியாமல் இருந்தாலும் சிக்கல்தான்; ஏனென்றால் போன்களின் உள்ளே ஒரு சின்ன வெள்ளைச் சீட்டு ஒட்டியிருப்பார்கள். ஈரம் பட்டால் அது சிவந்துவிடும். சிவந்திருந்தால், "தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டி செல்லாது" என்று சொல்லிவிடலாம். வள்ளத்தில் வலை இழுக்கிறவன் கை ஈரமாகாமல் என்ன செய்வது? உப்பளத்தில் பாத்தி மிதிக்கிறவள் எந்தத் துணியில் கை துடைப்பாள்? கடற்கரையில் கடை வைத்து விற்கிறவர்கள், கடற்கரைக்குத் தாங்குகிற சாமானைச் செய்திருக்க வேண்டாமா?

எல்லாப் பழுதும் சதி என்று நான் சொல்ல வரவில்லை. மனிதன் செய்கிற எந்தச் சாமானும் பழுதாகும். வள்ளத்து எஞ்சின் பழுதாகிறது, மில்லில் ரிங் பிரேம் பழுதாகிறது. அதைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை. என் கேள்வி வேறு. பழுது செய்தவனுடையதாக இருக்கும்போது பணம் மட்டும் ஏன் வாங்கினவனுடையதாகிறது? அப்படி ஆகும்படி அந்தச் சாமானை எப்படி அமைத்திருக்கிறார்கள்? இதை இரண்டு பேட்டரிகளை வைத்து விளக்குகிறேன்.

கழற்ற முடிந்த பேட்டரி, கழற்ற முடியாத பேட்டரி

நோக்கியா போன் உங்களுக்கு நினைவிருக்கும். அதன் பி.எல்.5சி பேட்டரியும் நினைவிருக்கும். இன்றைக்கும் பல சின்ன ரேடியோப் பெட்டிகளில் அதே அளவுப் பேட்டரிதான் போடுகிறார்கள். 2007 ஆகஸ்டில் நோக்கியா கம்பெனி ஓர் அறிவிப்புக் கொடுத்தது. ஜப்பானில் மட்சுஷிட்டா கம்பெனி 2005 டிசம்பர் முதல் 2006 நவம்பர் வரை செய்து கொடுத்த பி.எல்.5சி பேட்டரிகளில் சில, சார்ஜ் ஏறும்போது அளவுக்கு மீறிச் சூடாகின்றன என்றது. மொத்தம் 4 கோடியே 60 லட்சம் பேட்டரிகள். உலகம் முழுவதிலும் சுமார் 100 இடங்களில் இப்படி நடந்ததாகக் கம்பெனியே சொன்னது. நம் நாட்டில் பீதி பரவியது. போன் வெடிக்கும் என்று ஜனங்கள் பயந்தார்கள். சர்வீஸ் சென்டர்களில் கூட்டம் கூடியது.

பிறகு என்ன நடந்தது? போனின் முதுகை நகத்தால் நெம்பித் திறந்தார்கள். பேட்டரியின் பின்பக்கத்தில் 26 எழுத்து, எண் கொண்ட அடையாளம் இருந்தது. அதைக் கம்பெனிக்குச் சொன்னார்கள். கெட்ட பட்டியலில் இருந்தால் இலவசமாக வேறு பேட்டரி கிடைத்தது. போன் பழையபடி வேலை செய்தது. பழுது பெரிது, ஆனால் போனைத் திறக்கும்படி அமைத்திருந்ததால், ஒரு சின்னத் துண்டை மாற்றியதோடு காரியம் முடிந்தது. (அந்த நோக்கியா போன்களை ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் நம் தமிழ்நாட்டுப் பெண்கள் பூட்டிக் கொடுத்தார்கள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. அது தனிக் கதை. இன்னொரு நாள் பேசுவோம்.)

ஒன்பது வருஷம் கழித்து, 2016 ஆகஸ்டில், தென்கொரியாவின் சாம்சங் கம்பெனி நோட் 7 என்று ஒரு போனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விலை உயர்ந்த போன். வந்த சில நாட்களிலேயே தீப்பிடிக்கத் தொடங்கியது. செப்டம்பர் 2-ந் தேதி, 25 லட்சம் போன்களைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கம்பெனி அறிவித்தது. வேறு கம்பெனிப் பேட்டரி போட்ட புதுப் போன் கொடுத்தார்கள். அதுவும் தீப்பிடித்தது! அக்டோபரில் அந்த மாடலையே நிறுத்திவிட்டார்கள். 2017 ஜனவரியில் காரணத்தை வெளியிட்டார்கள். முதல் பேட்டரியில், மூலையில் இடம் போதாமல் உள்தகடு வளைந்திருந்தது. இரண்டாவதில் பற்றவைத்த இடத்தில் பிசிறு துருத்தியிருந்தது. முதலாவது வடிவமைப்பின் கோளாறு. இரண்டாவது செய்நேர்த்தியின் கோளாறு.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். இந்தப் போனின் பேட்டரியை நகத்தால் நெம்பி எடுக்க முடியாது. பசை போட்டு உள்ளே ஒட்டி, மேலே கண்ணாடியை மூடிவிட்டார்கள். ஆகவே பேட்டரி என்ற ஒரு துண்டு கெட்டதற்கு, முழுப் போனும் போக வேண்டியதாயிற்று. அந்தத் தடவை கம்பெனியே நஷ்டப்பட்டது. 500 கோடி டாலருக்கு மேல் என்று கணக்குச் சொன்னார்கள். ஏன் கம்பெனி ஏற்றுக்கொண்டது? விமானத்தில் கொண்டுபோகக் கூடாது என்று பல நாட்டுச் சர்க்கார்கள் தடை போட்டன. உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. தீப்பிடித்தால் உலகம் பார்க்கிறது. தீப்பிடிக்காமல் பேட்டரி மெதுவாகச் சாகிறதே, அதை யார் பார்க்கிறார்கள்?

எந்த லித்தியம் பேட்டரியும் இரண்டு மூன்று வருஷத்தில் சளைத்துவிடும். அது கோளாறு அல்ல, அதன் சுபாவம். சாகிற துண்டைச் சாகாத துண்டுகளோடு ஒட்டிவிடுவதுதான் கோளாறு. கம்பெனிகள் இதற்குக் காரணம் சொல்கின்றன: போன் மெலிதாக இருக்க வேண்டும், தண்ணீர் புகக் கூடாது என்கின்றன. அதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் தண்ணீர் புகாது என்று விற்பவர்களே, சிவந்த சீட்டைக் காட்டி வாரண்டி இல்லை என்று சொல்லக்கூடிய வினோதத்தை என்னவென்று சொல்வது? ஐரோப்பிய யூனியன் 2023-ல் போட்ட சட்டம், வாங்கினவரே கழற்றி மாற்றும்படி பேட்டரி இருக்க வேண்டும் என்கிறது. சில விலக்குகள் உண்டு. அதற்கு 2027 பிப்ரவரி 18 என்று தேதியும் குறித்திருக்கிறது. அப்படியானால் செய்ய முடியும் என்றுதானே அர்த்தம்?

விற்ற மாட்டுக்கு மூக்கணாங்கயிறு

பேட்டரியாவது கண்ணுக்குத் தெரிகிற பொருள். சாப்ட்வேர் அப்படியல்ல. சாப்ட்வேர் என்றால் என்ன? இயந்திரத்துக்குள் எழுதி வைத்திருக்கிற உத்தரவு, அவ்வளவுதான். மேஸ்திரி நேரில் நிற்காமல், அவர் சொல்லை மட்டும் எழுதி ஒட்டியது போல. இது வந்தால் இதைச் செய், அது வந்தால் அதை நிறுத்து என்று லட்சக்கணக்கான வரிகள். எழுதினவன் ஒரு வரியில் தப்புச் செய்தால் இயந்திரமும் தப்புச் செய்யும். இதிலே விசேஷம் என்னவென்றால், நீங்கள் பணம் கொடுத்து வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோன பிறகும், கம்பெனி தூரத்தில் இருந்துகொண்டே அந்த உத்தரவை மாற்றலாம். சந்தையில் மாட்டை விற்றுக் காசையும் வாங்கிக்கொண்டு, மூக்கணாங்கயிற்றை மட்டும் தன் கையிலேயே வைத்துக்கொண்ட வியாபாரியை நீங்கள் பார்த்ததுண்டா? இதோ பாருங்கள்.

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி 2017 ஜனவரியில் தன் ஐபோன்களுக்கு ஓர் அப்டேட் அனுப்பியது. பேட்டரி சளைத்த பழைய போன்கள் திடீரென்று அணைந்துபோவதைத் தடுக்க, போனின் வேகத்தையே குறைக்கும் உத்தரவு அதில் இருந்தது. வேகத்தைக் குறைக்கிறோம் என்று வாங்கினவர்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. போன் மந்தமாகிவிட்டது, பழசாகிவிட்டது என்று நினைத்தவர்கள் புதுசு வாங்கப் போனார்கள். பழைய போனில் பேட்டரியை மட்டும் மாற்றினதும் வேகம் திரும்பி வந்ததைச் சிலர் கண்டுபிடித்தார்கள். ஜான் பூல் என்பவர் போன்களின் வேகத்தை அளந்து கணக்கை வெளியிட்டார். 2017 டிசம்பரில் கம்பெனி ஒப்புக்கொண்டது; மன்னிப்பும் கேட்டது. 79 டாலர் வாங்கிக்கொண்டு மாற்றிய பேட்டரியை 29 டாலருக்கு மாற்றித் தந்தது. அமெரிக்கக் கோர்ட்டில் போட்ட வழக்கில், 2020-ல், குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 31 கோடி முதல் 50 கோடி டாலர் வரை கொடுக்கச் சம்மதித்தது.

இத்தாலியில் 2018 அக்டோபரில் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம், சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ அபராதம். சாம்சங் மேல் என்ன குற்றச்சாட்டு? நோட் 7 போனுக்காகச் செய்த புது சாப்ட்வேரை, பழைய நோட் 4 வைத்திருந்தவர்களிடம் போடு போடு என்று சொல்லிப் போட வைத்தார்கள். பழைய போன் அந்தப் பாரத்தைத் தாங்கவில்லை. இரண்டு மாடு இழுக்கிற வண்டியைக் கன்றுக்குட்டியின் கழுத்தில் கட்டிய கதைதான்.

இந்த வித்தை புதிதல்ல. 1924-ல் ஜெனிவா நகரத்தில் பல நாட்டு மின்பல்ப் முதலாளிகள் கூடி ஒரு கூட்டு அமைத்தார்கள். பீபஸ் கூட்டு என்று பெயர். ஆயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரம் மணி நேரம் எரிந்த பல்புகளை ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் எரியாதபடி செய்ய ஏற்பாடு. அதற்கு மேல் எரிகிற பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நல்ல சாமான் செய்ததற்கு அபராதம் போட்ட நியாயஸ்தலம் உலகத்திலேயே அது ஒன்றுதான் இருந்திருக்கும். அன்றைக்குப் பல்பின் இழையை மாற்ற வேண்டியிருந்தது. இன்றைக்கு இழைகூட வேண்டாம். ஒரு வரி உத்தரவு போதும்.

சில சமயம் உத்தரவை மாற்றுவதுகூட இல்லை; கைவிட்டுவிடுகிறார்கள். 2025 ஜனவரி முதல், ஆண்ட்ராய்டு 5-க்கு முந்திய சாப்ட்வேர் உள்ள போன்களுக்கு வாட்ஸ்அப் இல்லை என்றாகிவிட்டது. போனில் திரை நன்றாக இருக்கும், மைக் நன்றாக இருக்கும், கீறல்கூட இருக்காது. இருந்தும் பயனில்லை. பழைய சாப்ட்வேரைக் காலம் முழுவதும் யாரும் காப்பாற்ற முடியாது என்பது நியாயமான வாதம்தான். ஆனால் எத்தனை வருஷம் காப்பாற்றுவோம் என்பதை, விற்கும் நாளிலேயே பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடலாமே! மருந்துக்கு, பால் பவுடருக்குக் காலாவதித் தேதி போடுகிறார்கள். 12,000 ரூபாய்ச் சாமானுக்குப் போடக் கூடாதா? ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் புதிதாக விற்பனைக்கு வரும் போன் மாடல்களுக்குக் குறைந்தது 5 வருஷம் சாப்ட்வேர் அப்டேட், 7 வருஷம் உதிரிபாகம் என்று விதி வந்திருக்கிறது. போன் தயாரிப்பது ஒரே கம்பெனி. அங்கே முடிகிறது இங்கே முடியாதா?

பச்சைக் கோட்டின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 2023, 2024-ல் நம் நாட்டில் ஒன்பிளஸ், சாம்சங் போன்கள் சிலவற்றில் திரையின் குறுக்கே மேலிருந்து கீழாகப் பச்சைக் கோடு விழுந்தது. அப்டேட் போட்ட பிறகுதான் விழுந்தது என்று பலர் புகார் சொன்னார்கள். விடாமல் சத்தம் போட்டார்கள். கடைசியில் இரண்டு கம்பெனிகளும் குறிப்பிட்ட சில மாடல்களுக்கு இலவசமாகத் திரை மாற்றித் தர முன்வந்தன. மெத்தச் சந்தோஷம். ஆனால் அவை பெரும்பாலும் விலை கூடிய போன்கள். வாங்கினவர்கள் படித்தவர்கள், எழுதத் தெரிந்தவர்கள், ஒருவரையொருவர் தேடிக் கண்டுபிடித்துக் கூடினவர்கள். நம் கையில் இருக்கிற எட்டாயிரம் ரூபாய் போனில் கோடு விழுந்தால் நாம் என்ன செய்கிறோம்? கோட்டுக்கு இரண்டு பக்கமும் பார்த்துப் பழகிக்கொள்கிறோம்!

கடலில் 1024 வாரம்

இனி கடலுக்கு வருவோம். இது முத்துக்குளித்துறை. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் எந்தப் பார் எங்கே கிடக்கிறது என்பது உங்கள் பெரியவர்களுக்கு அத்துபடி. மாதா கோயில் கோபுரத்தையும் கரையில் நிற்கும் பனைக்கூட்டத்தையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்துக் கடலில் இடம் கண்டார்கள். அந்த வித்தையில் அப்டேட் கிடையாது. தகப்பன் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்ததுதான். இப்போது ஜி.பி.எஸ். வந்துவிட்டது. நல்லதுதான். இருட்டிலும் மூடுபனியிலும் வழி காட்டுகிறது. மன்னார் வளைகுடாவில் 1976-ல் போட்ட எல்லைக்கோடு தண்ணீரில் தெரிவதில்லை, பெட்டியில்தான் தெரிகிறது. பெட்டி தப்பினால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார்.

அந்தப் பெட்டிக்குள் ஒரு பழைய கோளாறு இருந்தது. ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களை அனுப்பியது அமெரிக்க ராணுவம். அவை நேரத்தையும் வாரக் கணக்கையும் அனுப்புகின்றன. அதை வைத்துத்தான் பெட்டி இடத்தைக் கணக்கிடுகிறது. 1980 ஜனவரி 6-ல் சுழியத்தில் தொடங்கி வாரங்களை எண்ணுகிறார்கள். அந்த எண்ணிக்கைக்கு ஒதுக்கிய இடம் சின்னது. 1023 வரைக்கும்தான் அடங்கும். 1024-ம் வாரம் மறுபடி சுழியம். மில் தோழர்களுக்கு உடனே விளங்கும்: ரிங் பிரேமில் ஹேங்க் மீட்டர் கடைசி எண்ணைத் தாண்டினதும் சுழியத்துக்குத் திரும்புகிறதே, அதேதான். மீட்டர் சுழியம் காட்டினால் நீங்கள் நூலே நூற்கவில்லை என்று அர்த்தமா? மேஸ்திரிக்குத் தெரியும், ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது என்று. பெட்டிக்குத் தெரிய வேண்டுமானால் அதை யாராவது சாப்ட்வேரில் எழுதியிருக்க வேண்டும்.

1999 ஆகஸ்டில் முதல் சுற்று முடிந்தது. 2019 ஏப்ரல் 6-ந் தேதி இரவு இரண்டாவது சுற்று முடிந்தது. ஒழுங்காக எழுதியிருந்த பெட்டிகள் தாண்டிவிட்டன; பெரும்பாலானவை தாண்டின என்றே சொல்ல வேண்டும். எழுதாதவை இருபது வருஷம் பின்னால் போய் 1999 என்று தேதி காட்டின. சீனாவில் சில போயிங் விமானங்கள் அன்று தரையிலேயே நின்றன. நியூயார்க் நகரசபையின் கம்பியில்லாச் செய்தி இணைப்பு பத்து நாள் போலப் படுத்துவிட்டது. அவ்வளவு பணம் படைத்த நகரத்துக்கே அந்தக் கதி!

இந்தத் தேதி ரகசியமா? இல்லை. 1980-லேயே கணக்குப் போட்டுச் சொல்லக்கூடிய தேதி. ஒரு தடவை நடந்தும் காட்டியது. 2005-ல், 2010-ல் பெட்டி விற்ற கம்பெனிக்கு இது தெரியாது என்று யாராவது சொல்ல முடியுமா? பரிகாரம் என்ன சொன்னார்கள்? சாப்ட்வேரை அப்டேட் செய்துகொள்ளுங்கள் என்றார்கள். கம்ப்யூட்டர் வேண்டும், அதற்கென்று தனி ஒயர் வேண்டும், இங்கிலீஷ் படிக்கத் தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, அந்தப் பழைய மாடலுக்கு அப்டேட் என்று ஒன்று இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெட்டி வாங்கு! அடுத்த சுற்று 2038 நவம்பரில் முடிகிறது. புதுப் பெட்டி வாங்கும்போது கடைக்காரரிடம் இதைக் கேளுங்கள். அவர் விழிப்பார், பரவாயில்லை, கேளுங்கள்.

படம் ஏறாவிட்டால் கூலி இல்லை

விவசாயக் கூலித் தோழர்கள் இதுவரை பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். உங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். 100 நாள் வேலையில் 2023 ஜனவரி 1 முதல், போன் வழியாக வருகைப் பதிவு கட்டாயமாக்கப்பட்டது. காலையில் ஒரு படம், பிற்பகலில் ஒரு படம். இடமும் நேரமும் படத்திலேயே பதிவாக வேண்டும். படம் எடுக்கிற போன் யாருடையது? வேலையை மேற்பார்க்கிற பெண்ணுடையது. போன் அவள் காசு, டேட்டா அவள் காசு. கண்மாய்க் கரையில் டவர் கிடைக்காவிட்டால் படம் ஏறாது. பிற்பகல் படத்துக்காக, வேலை முடிந்த பின்பும் வெயிலில் காத்துக்கிடந்தார்கள். படம் ஏறாவிட்டால் அந்த நாள் வேலை கணக்கில் இல்லை. வெட்டிய மண் கண் முன்னால் கிடக்கிறது! குழியை அளந்தால் தெரியும்! ஆனால் போன் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த வருஷம் தமிழ்நாட்டுக்கு அறிவித்த கூலி ரூ.294. சாப்ட்வேர் எழுதினவரின் சம்பளத்தில் இந்த 294 ரூபாய் பிடிக்கப்பட்டதா? டவர் வைக்காத கம்பெனியிடம் பிடிக்கப்பட்டதா? சம்மட்டியும் மண்வெட்டியும் பிடித்தவள் கூலியில்தான் போயிற்று. 2023 பிப்ரவரியில் பல மாநிலக் கூலித் தொழிலாளர்கள் டெல்லி ஜந்தர் மந்தரில் வந்து உட்கார்ந்தது இதற்காகத்தான். இயந்திரம் பொய் சொல்லாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். இயந்திரம் பொய் சொல்லாது, சரி. தப்புச் சொல்லுமே!

சட்டத்தில் என்ன இருக்கிறது?

நமக்கு உபயோகமான சட்டம் ஒன்று இருக்கிறது. 2019-ம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். 2020 ஜூலையில் அமுலுக்கு வந்தது. சாமானின் கோளாறால் கேடு வந்தால், செய்த கம்பெனியே பொறுப்பு என்று ஒரு தனி அத்தியாயம் இதில் உண்டு. தயாரிப்பில் கோளாறு என்பதோடு நிற்காமல், வடிவமைப்பில் கோளாறு என்பதையும் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறார்கள். பயன்படுத்தும் முறையைச் சரியாகச் சொல்லாததும் குற்றம்தான். வழக்கை நாம் குடியிருக்கிற ஜில்லாவிலேயே போடலாம். கம்பெனி இருக்கிற ஊருக்கு அலைய வேண்டாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்தாக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில் கொடுக்க மறுக்கிற கடைக்காரர் செய்வதும் இந்தச் சட்டப்படி முறைகேடான வியாபாரம். 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் சொல்லலாம்.

இவ்வளவு இருந்தும் ஒரு முள் இருக்கிறது. கோளாறு இருந்தது என்று காட்ட வேண்டியது நாம்தான். மில் பிட்டர் தோழர்களைக் கேளுங்கள். பழைய மெஷினில் பேரிங் போனால், கழற்றி மேஜை மேல் வைத்து, "இதோ பார்" என்று முதலாளியிடம் காட்டலாம். கார்டு போட்ட புது மெஷின் நின்றால் எதைக் காட்டுவது? கம்பெனி எஞ்சினீயர் கோயமுத்தூரிலிருந்து வந்து ஏதோ தட்டிவிட்டு, கார்டு போய்விட்டது என்று எழுதிக்கொடுத்துவிட்டுப் போகிறார். அவர் சொன்னதுதான் வேதவாக்கு. போனிலும் அப்படித்தான். என்றைக்கு என்ன அப்டேட் அனுப்பினார்கள், அதனால் எத்தனை போன் செத்தது என்ற கணக்கு முழுவதும் கம்பெனியின் கையில். பரிசோதனைச் சாலைக்கு அனுப்ப வேண்டுமானால், அந்தக் கட்டணத்தை நம்மைக் கட்டச் சொல்ல ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆயிரம் பேருக்கு ஒரே கோளாறு வந்தால், ஆயிரம் பேரும் தனித்தனியே நிரூபிக்க வேண்டுமா? அந்தக் கணக்கைக் கம்பெனி வெளியிட வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தினால்தான் இந்த முள் எடுபடும். ஒரே குறையுள்ள பலர் சேர்ந்து ஒரே மனுவாகப் போட, ஆணையத்தின் அனுமதியோடு, இந்தச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. அந்த வழியை நாம் உபயோகிப்பதில்லை.

மத்திய சர்க்கார் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமை என்று பேச ஆரம்பித்தது. டிசம்பரில் அதற்கென்று ஓர் இணையதளமும் திறந்தது. பிறகு ஒரு கமிட்டி போட்டார்கள். செல்போன்களுக்கும் டேப்லெட்டுகளுக்கும், எவ்வளவு எளிதாகக் கழற்றலாம், உதிரிபாகம் கிடைக்குமா, சாப்ட்வேர் அப்டேட் எத்தனை காலம் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்று 2025 மே மாதம் அந்தக் கமிட்டி அறிக்கை கொடுத்தது. பிரான்சு தேசத்தில் 2021 முதல் இப்படி மதிப்பெண் போடுகிறார்கள். அறிக்கை நல்ல அறிக்கை. ஆனால் கம்பெனியே தனக்கு மதிப்பெண் போட்டுக்கொள்ளலாம் என்கிறது. பரீட்சை எழுதினவனே விடைத்தாளைத் திருத்துகிற பள்ளிக்கூடத்தில் பெயிலானவன் யார்?

இங்கே சிலர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார்கள். ஜி.பி.எஸ். தொழிலுக்கு வாங்கினது, வியாபாரத்துக்கு வாங்கினால் நுகர்வோர் சட்டம் செல்லாது என்று கடைக்காரர் சொல்கிறாரே என்று ஒரு தோழர் கேட்கிறார். கடைக்காரர் பாதிச் சட்டத்தைப் படித்திருக்கிறார். தன் கை உழைப்பால் ஜீவனம் நடத்துவதற்காக வாங்கின சாமான் வியாபாரக் கணக்கில் சேராது என்று அதே சட்டத்தில் விளக்கம் இருக்கிறது. வள்ளக்காரர் நுகர்வோர்தான்.

இன்னொரு சீட்டு: பில் தொலைந்துவிட்டது, பெட்டியும் இல்லை, என்ன செய்வது? தவணையில் வாங்கியிருந்தால் தவணைக் கம்பெனியிடம் தாள் இருக்கும். கேட்டு நகல் வாங்குங்கள். ஜிபேயில் பணம் கட்டியிருந்தால் பாங்கிக் கணக்கில் தேதியோடு இருக்கும். சர்வீஸ் சென்டருக்குப் போனால் வாயால் சொல்வதைக் கேட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். என்ன பழுது, எவ்வளவு கேட்கிறார்கள் என்பதைத் தேதி போட்டு எழுதி வாங்குங்கள். ஒவ்வொரு போனுக்கும் ஐ.எம்.இ.ஐ. என்று 15 இலக்க எண் உண்டு. ஸ்டார், ஹேஷ், 0, 6, ஹேஷ் என்று அழுத்தினால் திரையில் வரும். போன் செத்த பிறகு அழுத்திப் பிரயோஜனமில்லை. வீட்டுக்குப் போனதும் இன்றிரவே பார்த்து, ரேஷன் கார்டு வைத்திருக்கிற பைக்குள் ஒரு தாளில் எழுதி வையுங்கள்.